1877: தில்லி தர்பாரும் மாயூரத்துக் கஞ்சித்தொட்டியும்

பிரிட்டிஷ் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்துத் தரும் நூல்களில் 1877-ஆம் ஆண்டுக்கு நிறைவான ஒரு பக்கம் உண்டு. ஜனவரி முதல் நாள் தில்லியில் கூடிய தர்பாரில் விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என அறிவிக்கப்பட்டார். மார்ச் மாதம் மெல்போர்ன் நகரில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டம், பின்னாளில் முதல் டெஸ்ட் கிரிக்கெட் போட்டி எனப் பெயர் பெற்றது. ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. ஜூனில், கருத்தடை பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்த குற்றத்துக்காக அன்னி பெசன்ட் லண்டன் நீதிமன்றத்தில் நின்றார். ஜூலையில் விம்பிள்டனில் முதன்முறையாக டென்னிஸ் போட்டி நடைபெற்றது.

அதே ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு பக்கம் இருக்கிறது. அதற்குத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று பெயர். தாது ஆண்டு 1876 சித்திரையில் பிறந்தது. பஞ்சமோ அடுத்த ஈசுவர ஆண்டையும் விழுங்கிய பிறகே அடங்கியது. ஆயினும் மக்களின் நினைவில் அந்தத் துயரம் முழுவதும் தாது என்ற ஒற்றைச் சொல்லில் தங்கிவிட்டது.

இவ்விரு பக்கங்களையும் ஒருசேர வாசிக்க உதவும் ஒரு வாழ்க்கை மாயூரத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் நீதிமன்றத்தில் முன்சீபாகப் பணிபுரிந்தவர். தமிழின் முதல் நாவலை எழுதியவர். பஞ்ச காலத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தவர். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 2026 அக்டோபர் 11, அவர் பிறந்த இருநூறாம் ஆண்டு நிறைவு நாள்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826-இல் பிறந்தார் வேதநாயகம். கத்தோலிக்கக் குடும்பம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்தக் கல்வியே அவருடைய வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது எனலாம். 1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் இடம் விசித்திரமானது. மேடையில் ஆங்கிலேய நீதிபதி அமர்ந்திருப்பார். கீழே, தன் நிலமும் கடனும் மானமும் என்னவாகுமோ என்ற அச்சத்துடன் தமிழன்றி வேறு மொழி அறியாத குடியானவன் நிற்பான். இருவருக்கும் நடுவே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். குடியானவன் சொல்வது நீதிபதியின் காதில் எப்படி விழுகிறது, நீதிபதி சொல்வது குடியானவனுக்கு எவ்வளவு புரிகிறது என்பதை அவரைவிட அறிந்தவர் இருக்க முடியாது. அந்த இடைவெளியை வேதநாயகம் பிள்ளை பல ஆண்டுகள் அருகிலிருந்து கண்டார். அதைக் குறைப்பதே அவருடைய பிற்கால எழுத்துகள் பலவற்றின் நோக்கமாயிற்று.

1857-இல் அவர் முன்சீபாகத் தரங்கம்பாடியில் பொறுப்பேற்றார். வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்ட ஆண்டு அது. தரங்கம்பாடியோ டேனிஷ்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் 1845-இல் விலைக்கு வாங்கிய ஊர். கைமாறிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் கடற்கரைப் பட்டினத்தில், இந்தியர் ஒருவர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தது அன்றைக்குச் சிறிய செய்தி அன்று. பின்னர் சீர்காழியிலும், அதன்பின் 13 ஆண்டுகள் மாயூரத்திலும் பணியாற்றினார். ஊரின் பெயர் அவருடைய பெயருடன் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். இன்று மயிலாடுதுறை என வழங்கும் ஊர், 1982 வரை அரசு ஏடுகளில் மாயூரமாகவும் மாயவரமாகவுமே இருந்தது.

முன்சீப் நீதிமன்றம் உரிமையியல் நீதிமன்றங்களின் கீழ்ப்படி. காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் நெல்வாசம் வீசும். குத்தகைப் பாக்கி, அடமானம், வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, வாய்க்கால் தண்ணீர் என்று எதை எடுத்தாலும் அது நிலத்தில் போய் முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவனை அவன் விரல் பதித்த பத்திரமே வீழ்த்தும். சட்டம் அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் நடக்கும் வழக்கில் பாதித் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

இதற்கு அவர் கண்ட மருந்துகளில் ஒன்று 'சித்தாந்த சங்கிரகம்'. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்துத் தந்த நூல் அது. மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை; அவை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வழக்காடும் மக்களுக்குத் தங்கள் உரிமை எது என்பதே தெரியாது. சட்டத் தமிழ் என்ற துறைக்கு இன்று நாம் சொல்லும் முன்னோடிப் பணிகளில் இதற்கு முதல் வரிசையில் இடமுண்டு. பகலில் நீதிமன்றம் நடத்தியவர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 'நீதிநூல்' வெளிவந்திருந்தது. பெற்றோர் கடமை, அரசர் கடமை, கையூட்டு, பொய், சோம்பல் என வாழ்வின் பல துறைகளையும் எளிய செய்யுளில் பேசிய அந்நூல் பள்ளிப் பிள்ளைகள் வரை சென்றது. 1869-இல் 'பெண்மதி மாலை' வந்தது. பெண்கள் படிக்கவேண்டும் என்பதைச் செய்யுளாக மட்டும் சொல்லி நிறுத்தாமல், உரைநடையிலும் வாதம் வாதமாக எடுத்துவைத்தவர் அவர். பெண்ணின் கல்வியைக் குடும்பத்துக்கு வந்த கேடாகப் பலரும் கருதிய காலம் அது.

அன்றைய மாயூரம் வழக்குகளால் மட்டும் நிறைந்த ஊர் அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே வாழ்ந்து பாடஞ்சொல்லி வந்தார். 1871-இல் இளைஞர் சாமிநாதன் அவரிடம் மாணவராக வந்து சேர்ந்ததும் அவ்வூரில்தான். பிற்காலத்தில் தமிழுலகம் அவரை உ.வே.சா. என அறிந்தது. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவ்வூர்வாசி. இவர்கள் அனைவருடனும் வேதநாயகம் பிள்ளைக்கு நெருக்கமான உறவு இருந்தது. சைவத்தில் ஊறிய மகாவித்துவான், கத்தோலிக்கரான தம் நண்பரைத் தலைவராக வைத்துக் 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய நண்பர். தேவமாதாவுக்கு அந்தாதி பாடியவர், சைவ மடத்தின் தலைவரையும் பாடினார். சமயம் கடந்த அந்த நட்பு, யாரும் வியந்து பேசாத அளவுக்கு இயல்பாக இருந்தது.

1872-இல், 46 வயதில், மேலதிகாரியான ஆங்கிலேய நீதிபதியுடன் ஏற்பட்ட பிணக்கின் விளைவாக அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்காக ஊரை விட்டு அகலவில்லை. ஊர்ப்பணியை விட்டும் அகலவில்லை. மாயூரம் நகர்மன்றத்தின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். நீதிமன்றப் பணிக்கிடையே அகப்படாத ஓய்வு இப்போது கிடைத்தது. உரைநடையில் நெடுங்கதை ஒன்றை எழுதத் தொடங்கினார்.

இந்நிலையில்தான் வானம் பொய்த்தது.

1876-இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சென்னை மாகாணத்தைக் கைவிட்டன. பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு என ஜில்லா ஜில்லாவாக ஏரிகள் வறண்டன. மழையை மட்டும் நம்பிய புன்செய்க் காடுகளில் விதைத்தது முளைக்கவில்லை. ஆண்டின் இறுதிக்குள் தானிய விலை பல மடங்கு உயர்ந்தது.

அந்த நாள்களில் அரச பிரதிநிதி லிட்டன் பிரபுவின் கவனம் தில்லியில் இருந்தது. சிற்றரசர்களும் நவாபுகளும் பரிவாரங்களுடன் திரண்ட தர்பார் அது. சென்னை மாகாண ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனும் பஞ்சத்தின் நடுவே அதில் கலந்துகொள்ளச் சென்றார். விழாக் கூடாரங்களில் விருந்து நடந்த வாரத்தில், தென்னாட்டுச் சாலைகளில் மக்கள் சுருண்டு விழுந்துகொண்டிருந்தனர்.

இரக்கமின்மை என்ற ஒரு சொல்லால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. அதன் பின்னே ஒரு கொள்கை இருந்தது. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது. விலை உயர்ந்தால் வணிகர்களே தானியத்தைப் பற்றாக்குறை உள்ள இடத்துக்குக் கொண்டு வருவர். அரசு விலையைக் கட்டுப்படுத்தினால் அந்த வரத்து நின்றுவிடும் என்பது அந்தக் கொள்கை. 1876-இன் இறுதியில் சென்னை அரசு ஒரு தனியார் நிறுவனத்தின் வழியே இரகசியமாகத் தானியம் வாங்கியபோது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. வணிகம் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்தன. ஆனால், வேலையும் கூலியும் இழந்தவனுக்கு அந்த மூட்டைகளால் என்ன பயன்? அவன் கையில் காசு இல்லை.

1877 ஜனவரியில், செலவைக் குறைக்கும் பொறுப்புடன் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலைக்களங்களில் நாள் முழுவதும் உழைப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என அவர் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். மண் சுமந்து, கல் உடைத்து உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வாதிட்டார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் காய்கறியும் பருப்பும் தேவை என்பது அவருடைய நிலைப்பாடு. மாதக்கணக்கில் கோப்புகள் வழியே இந்த வாதம் நடந்தது. அதன் பிறகே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எலும்புக்கூடுகளாகிப்போன உடல்களைக் காலராவும் காய்ச்சலும் எளிதாகக் கொண்டு சென்றன.

காவிரிப் படுகையின் நிலை என்ன? இங்கேதான் மாயூரத்தின் கதை சிக்கலாகிறது.

தஞ்சை ஜில்லா பஞ்சத்தின் மையத்தில் இல்லை. முக்கொம்பிலும் அணைக்கரையிலும் 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணைகள் காவிரியின் நீரைப் படுகைக்குத் திருப்பித் தந்தன. எனவே வறண்ட ஜில்லாக்கள் வெறுங்காடாகக் கிடந்தபோதும் இங்கே ஓரளவு நெல் விளைந்தது. விளைந்த நெல்லுக்கு என்றுமில்லாத விலையும் கிடைத்தது. பத்தாயத்தில் நெல் வைத்திருந்த மிராசுதாருக்குப் பஞ்சம் என்பது ஒருவகையில் நல்ல காலம். கூலியை நெல்லாகப் பெற்ற பண்ணையாளுக்கு அரைவயிற்றுப் பாதுகாப்பாவது இருந்திருக்கும். கூலியைக் காசாகப் பெற்ற நெசவாளி, கைவினைஞர், அன்றாடங்காய்ச்சி ஆகியோருக்குத்தான் சந்தை விலை எமனாக வந்தது. பிழைப்புத் தேடி வறண்ட நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கோ அந்தச் சந்தையில் நிற்கவும் இடமில்லை.

மக்கள்தொகைக் கணக்கே இதைச் சொல்லும். 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் வாழ்ந்த சேலம் ஜில்லாவில், 1881-இல் 16 லட்சம் பேரே எஞ்சினர். அதே பத்தாண்டில் தஞ்சை ஜில்லாவின் மக்கள்தொகை 19 லட்சத்து 73 ஆயிரத்திலிருந்து 21 லட்சத்து 30 ஆயிரமாக உயர்ந்தது. ஒரே மாகாணம், ஒரே அரசு, ஒரே பஞ்சம். தண்ணீர் பாய்ந்த நிலத்துக்கும் பாயாத நிலத்துக்கும் இடையே உயிரின் கணக்கு இவ்வளவு வேறுபட்டது. மாகாணம் முழுவதும் மக்கள்தொகை வளர்ந்திருக்கவேண்டிய பத்தாண்டில் அது குறைந்தது. சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், மாண்டோர் தொகை 50 லட்சத்துக்கும் மேல் என்கின்றனர்.

ஆகவே, வேதநாயகம் பிள்ளையின் முன்னே இருந்த கேள்வி, வெறும் வறட்சியைக் கண்டவனின் கேள்வி அன்று. நெல் இருக்கும் ஊரில் பசி இருப்பதைக் கண்டவனின் கேள்வி. மழை இல்லாத நாட்டில் பசித்தவன் வானத்தை நோகலாம். நெற்களஞ்சியத்தின் வாசலில் பசித்தவன் யாரை நோவது?

அவர் தம் சொத்தை எடுத்துச் செலவிட்டார். மாயூரத்தில் கஞ்சித்தொட்டி அமைத்து, வந்தவர்களுக்கு உணவளித்தார். முன்சீபாக இருந்து ஈட்டியது பெருஞ்செல்வமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பதவியை விட்டும் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் ஊர் நினைவில் நிற்கும் அளவுக்கு அந்தக் கொடை இருந்தது. அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், தம் நண்பரைப் புகழ்ந்து கீர்த்தனை ஒன்று இயற்றினார். இறைவனையும் அடியாரையும் பாடிய வாய் அது. பண்ணையடிமையான நந்தனின் துயரைத் தமிழ்நாடெங்கும் கேட்கச் செய்த அந்தக் கவிஞர், மனிதர் ஒருவரைப் பாடத் தேர்ந்த தருணம் பஞ்ச காலத்துக் கஞ்சியாக இருந்தது பொருத்தமே.

கஞ்சி வார்த்ததோடு அவர் பாடவும் செய்தார். 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' தொகுப்பில் பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் பாடல்கள் உள்ளன. அந்தக் கீர்த்தனைகளில் இறைவனுக்குக் குறிப்பிட்ட ஒரு சமயத்தின் பெயர் இல்லை. கோயிலுக்குப் போகிறவரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் தர்காவுக்குப் போகிறவரும் அவற்றைத் தமதெனப் பாடலாம். கஞ்சித்தொட்டியின் முன் நின்ற வரிசையிலும் அவர்கள் எல்லோரும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். வேதநாயகம் பிள்ளை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர் அல்லர். அந்த ஆட்சியின் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர். சட்டத்தின் ஆட்சி என்ற எண்ணத்தில் நம்பிக்கை கொண்டவர். தேசிய இயக்கம் இன்னும் பிறக்காத காலம். காங்கிரஸ் தோன்றியதே 1885-இல்தான். நிலவுடைமை முறையைக் கவிழ்க்கவேண்டும் என்று அவர் போர்க்கொடி உயர்த்தவும் இல்லை. ஒருவருடைய கஞ்சித்தொட்டி, எத்தனை பெரிதானாலும், நெல் விலையைக் குறைக்காது. நிலத்தின் உடைமையை மாற்றாது. அவர் செய்தது அறம். அது அரசியலுக்கு ஈடாகாது என்று இன்றைய வாசகர் ஒருவர் சொன்னால் மறுப்பதற்கில்லை.

எனினும், அந்த அறம் எந்தச் சூழலில் செய்யப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். இலவச உணவு மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற அச்சம் ஆட்சியாளர் மனத்தில் வேரூன்றியிருந்த காலம் அது. வேலைக்களம் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் நடந்து வரத் தயாராக இருப்பவனே உண்மையில் பசித்தவன் என்று சோதனை வைத்த காலம். சோற்றுக்குத் தகுதி உண்டா என்று கேட்காமல் கஞ்சியை ஊற்றுவது, அந்தச் சூழலில், அரசின் கொள்கைக்கு ஓர் ஊர் அளித்த மறுமொழி. அதை அளித்தவர் அதே அரசின் முன்னாள் நீதிபதி. பசியை விசாரணைக்கு உட்படுத்த அவர் மறுத்தார்.

ஆண்டின் பிற்பாதியில் நிலைமை மெல்ல மாறியது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி போன்றோரின் முயற்சியால் ஆகஸ்டில் லண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையிலிருந்து பஞ்ச நிவாரண நிதி திரட்டப்பட்டது. விம்பிள்டன் ஆட்டத்தைப் பற்றி ஜூலையில் வாசித்த லண்டன் மக்களில் பலர், அடுத்த மாதமே தென்னிந்தியப் பசிக்காகப் பணம் அனுப்பினர் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். லிட்டன் நேரில் சென்னை மாகாணத்துக்கு வந்து பார்த்தார். செப்டம்பர், அக்டோபரில் மழை வந்தது. பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதி அன்றைய ஆளுநரின் பெயரால் சென்னையில் இன்றும் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயைக் கடப்போரில் எத்தனை பேருக்கு அதை வெட்டிய கைகளின் நினைவு வரும்?

1878-இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் மக்கள் மடிவதற்கு முதற்காரணம் நாட்டில் தானியமே இல்லாமற்போவது அன்று, வேலையும் கூலியும் நின்றுபோவதே என்பதை அக்குழு ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகப் பஞ்ச நிவாரண விதித் தொகுப்புகள் உருவாயின. நூறாண்டு கழித்து 1981-இல் அமர்த்தியா சென், பஞ்சம் என்பது உணவு இல்லாமை அன்று, உணவைப் பெறும் உரிமை இல்லாமை என்று பொருளியல் மொழியில் நிறுவினார். நெல் விளைந்த மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைக்க நேர்ந்த மனிதருக்கு இந்த உண்மை கண்ணெதிரே தெரிந்திருக்கும்.

பஞ்சம் ஓய்ந்தபின், 1879-இல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகங்களில் நாம் படித்துக் கடந்துபோகும் நூல். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே அதை எழுதியதாக அதன் முன்னுரையில் அவர் தெரிவித்தார். கதையின் நாயகன் பிரதாபன்; ஆனால், கதையை நடத்துபவள் ஞானாம்பாள். ஆண் வேடத்தில் ஒரு நாட்டின் அரசனாகி, முறை தவறாமல் ஆட்சி செய்து காட்டுகிறாள் அவள். மக்களுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடத்துவது நீதியாகாது என்ற வாதம் அந்நாவலில் விரிவாகவே இடம்பெறுகிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இளமையில் அவர் கண்ட அந்த இடைவெளி, முப்பது ஆண்டு கழித்துக் கதையாக வெளிப்பட்டது.

அவருடைய வாழ்க்கையின் வெவ்வேறு பணிகளை இணைக்கும் சரடு இங்கே கைக்கு அகப்படுகிறது. ஆள்பவனின் காதுக்கு ஆளப்படுபவனின் குரல் எட்டவேண்டும் என்பதே அது. தீர்ப்புகளைத் தமிழாக்கியதும், பெண்கள் படிக்கவேண்டும் என்றதும், நாவலில் ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தியதும் இதன் பொருட்டே. 1877-இல் தில்லியின் காதுக்குத் தெற்கின் பசி எட்டவில்லை. எட்டும்வரை காத்திருக்க முடியாத ஒன்று பசி என்பதால், அவர் அடுப்பை மூட்டினார்.

1887-இல் 'சுகுணசுந்தரி' என்ற இரண்டாவது நாவலையும் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, 1889 ஜூலை 21 அன்று காலமானார். வயது 62.

இன்று மயிலாடுதுறை ஒரு மாவட்டத்தின் தலைநகர். 2020 டிசம்பரில் தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டம் செயல்படத் தொடங்கியபோது, வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்த தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய மூன்று ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. மூன்று ஊர் நீதிமன்றங்களையும் தம் வாழ்நாளில் இணைத்தவரின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாட இதைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை.

கொண்டாட்டம் என்றால் மாலையும் மேடையும் மட்டும் போதா. 'சித்தாந்த சங்கிரகம்' போன்ற நூல்கள் செம்பதிப்பாக வரவேண்டும். சட்டக் கல்லூரி மாணவர் கையில் அவை இருக்கவேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரும் தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-இல் நிறைவேற்றியது. அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது. ஞானாம்பாள் வழியே அவர் எழுப்பிய வாதம் பழையதாகிவிடவில்லை.

மற்றொன்று, நம் பள்ளிகளில் 1877 எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்பது. தர்பாரின் தேதியைக் கேட்டால் மாணவர் சொல்லிவிடுவார். அதே தேதியில் சேலத்துச் சாலையில் என்ன நடந்தது, காவிரிக்கரையில் நெல் என்ன விலை விற்றது, மாயூரத்தில் யார் கஞ்சி ஊற்றினார் என்று கேட்டால்? உள்ளூர் வரலாறு என்பது ஊர்ப்பெருமை பேசுவது மட்டும் அன்று. உலக வரலாற்றின் ஒரு தேதி நம் தெருவில் என்ன செய்தது என்று அறிவதும் அதுவே.

காவிரியில் தண்ணீர் வருமா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் வடமேற்கு நோக்கிக் காத்திருக்கும் மாவட்டம் இது. குறுவை பொய்த்த ஆண்டுகளையும், அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைவிட்ட நாள்களையும் இங்குள்ளோர் அறிவர். நெல் விளைவிப்பது ஒன்று, அது பசித்தவன் தட்டுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று என்பதைக் காவிரிப் படுகைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1877-இல் தம் ஊரில் அதைக் கண்ட மனிதர், கண்டதோடு நின்றுவிடவில்லை. அவரை நினைவுகூரும் ஊர், அந்த ஆண்டையும் சேர்த்தே நினைவுகூர்வதுதான் முறை.